பன்னிரண்டு கணினியும் ஒரு பூதமும்

பொலிவியாவின் எல் ஆல்டோ நகரில் அந்த வாரம் ஒரே பேச்சுதான். செலெடோனியா அம்மாவின் இணையக் கடை ரூட்டருக்குள் பூதம் குடியேறிவிட்டது! கடையில் பன்னிரண்டு கணினி இருந்தும், ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் அது வழிவிடுமாம். அதனிடம் சிபாரிசு செய்யத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான்: ‘மாயெஸ்ட்ரோ’, அதாவது ஆசான், என்று ஊர் அழைக்கும் எவரிஸ்டோ. மூன்று வாரம் முன்பு அந்தப் புது ரூட்டரைப் பொருத்தித் தந்தவரும் சாட்சாத் அவரேதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. வரிசையில் இடம் போய்விடுமே!

வரிசை வாசலைத் தாண்டி, கறி அடைத்த சால்தேன்யா பணியாரம் விற்கும் வண்டி வரை நின்றது. ஆளுக்கு இருபது பொலிவியானோ, ஒரு புட்டி பீர், ஒரு பிடி கோகா இலை. பீரில் பூதத்துக்கு நாலு சொட்டு. மிச்சம் யார் வயிற்றுக்குள் போயிற்று என்று பூதம் கேட்கவில்லை.

பதினோராவது ஆளாக நின்றாள் ருஃபீனா. தொலைபேசிக் கம்பம் ஏறிப் பழுது பார்க்கிறவள். நாற்பத்தோரு வயதில், தொழில்நுட்பக் கல்லூரி மாலை வகுப்பில் சேரத் துணிந்திருந்தாள். பதிவு பகல் பன்னிரண்டோடு முடிகிறது. படிவம் போனில் திறக்காது. வேறு கடைக்குப் போகலாமென்றால் சாலை மறியல். மணி பதினொன்றரை.

மாயெஸ்ட்ரோவின் முறை இதுதான். மற்ற கணினிகளை அணைக்கச் சொல்வார். ரூட்டரையும் தம் மடியையும் ஒரு வண்ணப் போர்வையால் மூடுவார். கைகளை உள்ளே விட்டுக்கொண்டு மந்திரம் சொல்வார். காசு தந்தவருக்கு இணையம் திறக்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான்.

“மாயெஸ்ட்ரோ, போர்வைக்குள்ள என்ன தட்டுற சத்தம்?” என்றாள் ருஃபீனா, தன் முறை வந்ததும்.

“பூதம் பல்லக் கடிக்குது தாயி.”

“கடிச்சு முடிச்சதும் கடைசியா ஒரு தட்டு பலமா விழுதே?”

“ஏய், உன்னால பூதம் கோவிச்சுக்கப் போவுது!” என்று பின்னாலிருந்து ஒரு ரொட்டிக்காரி கத்தினாள்.

“வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு ருஃபீனா,” என்று கெஞ்சினாள் செலெடோனியா. “இவரும் கைவிட்டா நான் கடைய மூட வேண்டியதுதான்.”

“நான் என்ன தடுக்கவா செஞ்சேன்? இந்தா காசு, இந்தா பீரு. ஒரே ஒரு வேண்டுதல். ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டு மந்திரத்தச் சொல்லுங்க.”

“தூக்குங்க மாயெஸ்ட்ரோ, இன்னும் சக்தி கூடும்!” என்றாள் அதே ரொட்டிக்காரி. பக்தி சில சமயம் உதவத்தான் செய்கிறது.

வேறு வழியில்லாமல் கைகள் மேலே போயின. மந்திரம் ஒரு தடவை ஓடியது, இரண்டு தடவை ஓடியது, மூன்றாவது தடவை நொண்டியது. திரை அசையவில்லை. மணி பதினொன்று ஐம்பது.

“பூதத்துக்குக் காது கேக்கலயா, இல்ல உங்க விரலத்தான் கேக்குதா?” ருஃபீனா போர்வையை உருவினாள்.

மடியில் ஒரு மடிக்கணினி. அதிலிருந்து ரூட்டருக்கு ஒரு கம்பி. கறுப்புத் திரையில் கட்டளைகள். முன்பு தட்டியதைக் காட்டும் மேல் அம்பை அவள் அழுத்த அழுத்த, இணைப்பைத் துண்டிக்கும் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. காலையிலிருந்து பத்துப் பேர், பத்துத் தடவை.

“கடைக்கு வெளிய போக ஒரே முகவரிதான்,” என்றாள், தட்டிக்கொண்டே. “பன்னெண்டு பேரும் அதையே பங்கு போட்டுக்கலாம். அதுக்கு ரூட்டர்ல முகவரி குடுக்கற வரியோட கடைசில ‘ஓவர்லோட்’னு ஒரு சொல்லு வேணும். ஐயா அத எழுதல. எழுதலன்னா மொதல்ல புகுந்தவனுக்கு மட்டும்தான் முகவரி. ஒவ்வொருத்தர்கிட்டயும் காச வாங்கிக்கிட்டு, முந்தினவன இவரு தொரத்தி விட்டாரு. இதான் பூதம்.”

பழைய வரியை அழித்தாள், அதையே மறுபடி எழுதினாள், கடைசியில் அந்தச் சொல்லைச் சேர்த்துச் சேமித்தாள்.

பன்னிரண்டு கணினியையும் செலெடோனியா ஓடி ஓடிப் போட்டாள். பன்னிரண்டிலும் இணையம் ஓடியது. ருஃபீனாவின் படிவம் பதினொன்று ஐம்பத்தேழுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மாயெஸ்ட்ரோ நழுவப் பார்த்தார். வாசலில் சால்தேன்யாக்காரர் கரண்டியோடு நின்றார். அவர் கொடுத்ததும் இருபதுதானே.

ரொட்டிக்காரி மெல்ல அருகில் வந்தாள். “தாயி, அந்த மந்திரச் சொல்ல ஒரு சீட்டுல எழுதிக் குடு. கழுத்துல கட்டிக்கறேன்.”

ருஃபீனா தலையில் அடித்துக்கொண்டாள். “அது ரூட்டருக்கு எழுதுன சொல்லு. ஒனக்கு வேற ஒண்ணு இருக்கு: ‘ஏன்?’ அதக் கழுத்துல கட்டாத, வாயத் தொறந்து கேளு!”