மாப்பிள்ளை மேல் ஒரு பிராது

"நான் சொன்னேன்னு மட்டும் வெளிய வுட்டுடாதீங்கண்ணே. பேத்தி மேல சத்தியம் பண்ணுங்க" என்று ஜாபர் அலி சொன்னபோது சாமிதுரையின் கையிலிருந்த மண்டையோடு நழுவி விழுந்து சுக்கலானது.

பதற வேண்டாம், செராமிக் மண்டையோடுதான். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் அகல் விளக்கும் கொலு பொம்மையும் செய்கிற பட்டறை சாமிதுரையுடையது. பக்கத்துப் பெண்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவர்தான். பள்ளியில் போதை ஒழிப்பு விழா வருகிறது. பயமுறுத்தினால்தான் பிள்ளைகளுக்குப் புத்தி வரும் என்பது அவர் கட்சி. அதனால் நெற்றியில் 'போதை சாவின் பாதை' என்று எழுதிய மண்டையோடுகளை வார்த்துச் சுட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் மங்கலம்பேட்டையிலிருந்து விளக்கு வாங்க வந்த ஜாபர் அலி இந்தக் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"நல்லா பாத்தீங்களா பாய்? எங்க மாப்பிள்ளைதானா?"

"பிரபாகரன் தம்பியை எனக்குத் தெரியாதாண்ணே? உளுந்தூர்பேட்டை ரோட்டுல குடி மறுவாழ்வு மையம் ஒண்ணு இருக்குதில்ல? சனிக்கிழமையானா உள்ள போறாரு. வெளிய வரும்போது மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வராரு."

பிரபாகரன் ரயில்வேயில் வேலை பார்க்கிற பிள்ளை. ஜங்ஷனில் போஸ்டிங் கிடைத்ததால் மாமனார் வீட்டு மாடியிலேயே குடியிருக்கிறார். தலைமுடி கலையாமல் நடப்பார். வெற்றிலை போட்டால்கூடப் பல் தேய்க்கிற ஜாதி. அவரா?

அப்போதுதான் முந்தாநாள் அடுப்பங்கரையில் காதில் விழுந்தது ஞாபகம் வந்தது. மகள் அமுதவள்ளி அவள் அம்மா ராஜம்மாளிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். "இப்படியே போனா வெண்பாவைக் கூட்டிக்கிட்டு நாங்க தனி வூடு பாத்துக்கறோம்மா." தண்ணிக் கஷ்டத்தைச் சொல்கிறாள் என்று அன்றைக்கு அவர் நினைத்துக்கொண்டார். ஐயோ, இதுவா சங்கதி! புருஷன் குடிக்கிற அசிங்கத்தை அப்பன் கண்ணில் படாமல் மறைக்கப் பார்க்கிறாளே பாவி மகள்!

நாலு வயசுப் பேத்தி வெண்பா இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. காலையில் அவர் தோளில் உட்கார்ந்துதான் அவள் பல் தேய்ப்பாள். சாயங்காலம் மட்டும் கிட்டே வரமாட்டாள், தூக்கக் கலக்கம். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் யாரைத் தோளில் வைத்துக்கொள்வது, ராஜம்மாளையா?

எப்படியாவது மாப்பிள்ளையைத் திருத்தியாக வேண்டும். ஆனால் நேரே கேட்க முடியாது. மாப்பிள்ளையிடம் 'ஏன் லேட்டு' என்று கேட்பதே நம் பக்கம் வழக்கமில்லை. 'நீங்க குடிக்கிறீங்களாமே' என்று கேட்டால் நாக்கு அழுகிப் போகாதா? ராஜம்மாளிடமும் வாயைத் திறக்க முடியாது. வெண்பா மேல் சத்தியம் செய்தாகிவிட்டதே.

முதல் காரியமாக ஒரு மண்டையோட்டை எடுத்துப்போய் மாப்பிள்ளையின் மேஜை மேல் வைத்தார். பார்த்தால் புரியட்டும். மறுநாள் வெண்பா அதற்கு 'சிட்டு' என்று பேர் வைத்து, வாயில் இட்லி ஊட்டி, பக்கத்தில் படுக்கப் போட்டுத் தூங்கினாள்.

அடுத்தது வீட்டிலிருந்த பாட்டில். சூளைச் சூட்டில் நாளெல்லாம் வேகிற உடம்பு அவருடையது. சாயங்காலம் குளித்து, திருநீறு பூசி, உடம்பு வலிக்கு மருந்தாகக் கொஞ்சம் எடுத்துக்கொள்வார். அந்தப் பாட்டில் கூடத்து அலமாரியில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்திருந்தது. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதையாகிவிடாதா? ராஜம்மாள் கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்து அதைப் பெரிய ஊறுகாய் ஜாடிக்குள் இறக்கி மூடினார்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வழக்கத்துக்கு மாறாக நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாமா, இன்னிக்கு வேலை ரொம்பவா?"

"அப்படியொண்ணும் இல்லீங்க மாப்ள."

"மனசுல எதுனா கஷ்டம்னா சொல்லுங்க மாமா. நான் கேட்டுக்கறேன்."

சொல்லிவிட்டு அலமாரியைப் பார்த்தார். பாட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. மாப்பிள்ளை முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது பாருங்கள்! 'மோப்பம் பிடிக்கிறார். எங்கே வெச்சிருக்கேன்னு கண்ணாலயே தேடுறார்' என்று சாமிதுரைக்குப் பகீரென்றது.

"எதுவும் இல்லீங்க மாப்ள. நீங்க மேல போயி படுங்க."

மறுநாள் ராஜம்மாள் எலுமிச்சங்காய் போட ஜாடியைத் திறந்தாள்.

"ஏங்க! ஊறுகா ஜாடிக்குள்ளயா?"

என்ன சொல்வார்? உண்மையைச் சொன்னால் சத்தியம் போச்சு, மாப்பிள்ளை மானமும் போச்சு. "அங்க ஜில்லுன்னு இருக்கும்மா" என்றார்.

ராஜம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். மேலே ராஜம்மாள், அமுதவள்ளி, மாப்பிள்ளை மூன்று குரலும் குசுகுசுவென்று கேட்டன. "ஒளிச்சு வைக்கிற அளவுக்கு வந்துடுச்சா?" என்பது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. பாவம், மாப்பிள்ளை எங்கேயோ சொந்தமாகவே ஒரு பாட்டில் ஒளித்து வைத்திருப்பார் போல, அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சாமிதுரை பரிதாபப்பட்டார்.

இனி வீட்டில் எதுவும் வைப்பதற்கில்லை. மறுநாள் விடிந்ததும் பாட்டிலைப் பட்டறைக்குக் கொண்டுபோய், உள்ளே குடைவாக இருந்த ஒரு யானைப் பொம்மையின் வயிற்றில் செருகினார். அன்றைக்கென்று மாப்பிள்ளைக்கு வார லீவு. காலையிலேயே பட்டறைக்கு வந்து நின்றார்.

"நானும் கூட இருக்கேனே மாமா. நீங்க தனியா இருக்காதீங்க."

"மாப்ள, இங்க ஒரே தூசு. ஒங்க சட்டை வீணாப் போயிடும்."

"போனா போவுது மாமா. எதை எங்க அடுக்கணும், சொல்லுங்க."

பட்டறையில் எத்தனையோ பொம்மை இருந்தது. குதிரை இருந்தது, பிள்ளையார் இருந்தார், வாத்துக்கூட்டமே இருந்தது. மாப்பிள்ளை கை நேராக அந்த யானைக்குத்தான் போனது. தூக்கினார். உள்ளே சளக்கென்றது. யானையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு மாமனாரைப் பார்த்தார். மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். இரண்டு பேரும் பெருமூச்சு விட்டார்கள்.

"விதின்னு ஒண்ணு இருக்குது பாருங்க" என்றார் சாமிதுரை.

"எல்லாம் சரியாயிடும் மாமா" என்றார் மாப்பிள்ளை.

என்ன தைரியம்! கையும் களவுமாகப் பிடிபட்டும் எனக்கே ஆறுதல் சொல்கிறாரே! சாமிதுரை ஒரு முடிவுக்கு வந்தார். பாட்டில் இருந்தால்தானே மாப்பிள்ளை தேடுவார்? கொட்டிவிடலாம் என்றால் மனசு வரவில்லை, லட்சுமி கடாட்சம் மாதிரி முக்கால் பாட்டில் மருந்து. ஆகவே மாப்பிள்ளையின் நன்மைக்காக, வெண்பாவின் எதிர்காலத்துக்காக, அன்று சாயங்காலமே அவர் ஒருவராக உட்கார்ந்து அத்தனையையும் காலி செய்தார். பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் எத்தனை கஷ்டத்தைத்தான் விழுங்குகிறார்கள்!

விடிந்தால் பள்ளிக்கூட விழா. தலைக்குள் யாரோ மாவு மிஷின் ஓட்டினார்கள். இருந்தாலும் தலைவர் போகாமல் முடியுமா? வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மேடையேறினார். ஒரு கையில் மைக், இன்னொரு கையில் மண்டையோடு. கை கொஞ்சம் நடுங்கியது. மாப்பிள்ளையை நினைத்துத்தான்.

"மாணவச் செல்வங்களே! இதைப் பாருங்க! குடிச்சா இப்படித்தான் ஆவீங்க!"

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "சார், இது எங்க தெரு டீக்கடையில இருக்குது சார். வாய்க்குள்ள சிகரெட்டு சாம்பல் தட்டறாங்க. பல்லு இடுக்குல சிகரெட்டு நல்லா நிக்குதாம் சார்."

பள்ளிக்கூடமே சிரித்தது. பள்ளிக்கு ஏற்றிவிட்ட மண்டையோடுகளில் வேன்காரன் எந்தெந்தக் கடையில் எத்தனையை இறக்கித் தொலைத்தானோ! சாமிதுரை மைக்கைக் கார்முகில் டீச்சரிடம் கொடுத்துவிட்டு நிழலாகப் பார்த்து உட்கார்ந்தார்.

புதிதாக வந்த டீச்சர். பயமுறுத்துவதே அவருக்குப் பிடிக்காது. அதற்காகச் சாமிதுரையோடு கமிட்டியில் மல்லுக்கு நின்றவர்.

"மண்டையோட்டைப் பாத்துக் குடிய நிறுத்தினவங்க யாருனா உண்டாம்மா?" என்றார் டீச்சர். "ஒருத்தரைக் குடிகாரன்னு சொல்லிட்டா அவரு இன்னும் ஒளிவாரு. திட்டாதீங்க, பொம்மை காட்டாதீங்க. பக்கத்துல உக்காருங்க. என்ன கஷ்டம்னு கேளுங்க. அவரு சொல்ற வரைக்கும் பொறுமையா இருங்க. அதுவும் ஒரு வியாதிதான். காய்ச்சல்காரரை யாராவது அடிப்பாங்களா?"

சாமிதுரைக்குச் சுருக்கென்றது. டீச்சர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறதோ? மண்டையோடு தோற்றது, ஜாடி தோற்றது, யானையும் தோற்றது. கேட்டுத்தான் பார்ப்போமே.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை நாற்காலியை இழுக்கும் முன்னால் இவர் இழுத்துப் போட்டார்.

"மாப்ள, மனசுல எதுனா கஷ்டமா? நான் கேட்டுக்கறேன்."

பிரபாகரன் முகம் பிரகாசமானது. "நானும் அதான் மாமா காத்துக்கிட்டிருக்கேன். சொல்லுங்க."

"நீங்க சொல்லுங்க மாப்ள."

"நீங்கதான் மாமா சொல்லணும்."

"அதெப்படிங்க, நீங்க மொதல்ல."

"பெரியவங்க நீங்க இருக்கும்போது..."

"பரவால்லீங்க மாப்ள, வூட்டுக்குள்ள என்ன மரியாதை."

கதவிடுக்கில் ராஜம்மாளும் அமுதவள்ளியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளை மாமனாரின் கையைப் பிடித்தார். பிடித்தவரின் கண் கலங்கியிருந்தது.

"ஒத்துக்கறதுதான் மாமா மொத படி. ஒத்துக்கிட்டா மிச்சத்தைப் பாத்துக்கலாம்."

"அதையேதாங்க நானும் சொல்றேன்! ஒத்துக்கிட்டா போதும் மாப்ள, என்ன செலவானாலும் நான் இருக்கேன்!"

"அப்போ சொல்லுங்க மாமா!"

"அட, சொல்லுங்க மாப்ள!"

சந்தையில் மாட்டுக்கு விலை பேசுகிறவர்கள் மாதிரி இரண்டு பேரும் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் இறங்கி வரவில்லை. சாமிதுரைக்குப் படபடப்பு தாங்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் மருந்து இல்லாமல் முடியுமா? "செத்த இருங்க மாப்ள" என்று எழுந்து, அன்று மதியம் வாங்கி அரிசிப் பானையில் வைத்திருந்த புதுப் பாட்டிலைத் தேடிப் போனார். திரும்பி வந்தபோது மாப்பிள்ளை அங்கே இல்லை. அமுதவள்ளிதான் நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அப்பா, வர்ற மாசம் நாங்க தனி வூடு போறோம். நல்லூர்ல பாத்தாச்சு."

"அம்மாடி, அவரு திருந்திடுவாரும்மா..."

"யாரைப்பா சொல்ற?" என்று வெறுத்துப்போய்க் கேட்டுவிட்டு மாடியேறினாள். அவள் பின்னாலேயே வெண்பா சிட்டுவை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். "தாத்தாவும் நல்லூரு வராராம்மா?" என்று அவள் கேட்டதும், அமுதவள்ளி பதில் சொல்லாததும் சாமிதுரைக்குக் கேட்டது. அவர் அழுதுவிட்டார். பெண்ணைக் கட்டிக் கொடுத்த அன்றுகூட அவர் அழவில்லை.

மனுஷனால் ஆகாததற்குச் சாமி இருக்கிறது. விருத்தாசலத்துக்காரர்களுக்குக் கோர்ட்டுக்கு மேலே ஒரு கோர்ட்டு உண்டு, மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில். பேர், ஊர், குறை மூன்றையும் தாளில் எழுதிப் பிராது கட்டிவிட்டால் அப்புறம் சாமி பாடு. களவு போன மாட்டிலிருந்து கைவிட்ட புருஷன் வரைக்கும் அங்கே பிராது கட்டியிருக்கிறார்கள்.

காலையிலேயே குளித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கோயில் வெளியே சொர்ணாம்பாள் என்கிற அம்மாள் தேங்காய்த் தட்டுக் கடை வைத்திருந்தாள். எழுத முடியாதவர்களுக்கு எழுதியும் கொடுப்பாள். சாமிதுரைக்கு எழுதத் தெரியும். ஆனால் பேனாவைப் பிடித்தால் கை ஆடியது. எல்லாம் மாப்பிள்ளையை நினைத்துத்தான்.

"யாரு மேலய்யா பிராது?"

"மாப்பிள்ளை மேலம்மா" என்றார் குரலைத் தாழ்த்தி.

"என்ன கொற?"

"குடி. தங்கமான புள்ளம்மா. திட்டி எழுதாத. அந்தக் குடி மட்டும் வுட்டுப் போவணும். எம் பேத்தி எங்கூடவே இருக்கணும்."

சொர்ணாம்பாள் உச்சுக் கொட்டிக்கொண்டே எழுதினாள். "குடிக்கிறதை நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"அதெல்லாம் ரொம்ப மறைவு. வூட்டுல எல்லாருக்கும் தெரியும் போல, எங்கிட்ட மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

"பாவம்யா நீங்க. பேரு, எடம் சொல்லுங்க."

"சாமிதுரை. செராமிக் பேட்டை, பொம்மைப் பட்டறை."

பேனா நின்றது. சொர்ணாம்பாள் மூக்குக் கண்ணாடியை இறக்கி அவரை உச்சி முதல் கால் வரை பார்த்தாள். நடுங்குகிற கையில் கொஞ்ச நேரம் அவள் பார்வை நின்றது.

"வூட்டம்மா பேரு ராஜம்மாளா?"

"ஆமா, ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அட சாமியையே கொழப்பாதீங்கய்யா! வூட்டம்மா, மவ, ரயில்வே மாப்பிள்ளைன்னு மூணு பேரும் வந்து ஒங்க குடி நிக்கணும்னு ஒங்க மேல பிராது கட்டிட்டுப் போயிட்டாங்க. மாமனார்கிட்ட மனசு நோவாம எப்படிப் பேசறதுன்னு கத்துக்க அந்த மாப்பிள்ளைப் புள்ள சனிக்கிழமையானா மறுவாழ்வு மையத்துக்கு வேற போயி உக்காருதாம்... இப்ப சொல்லுங்க, இந்தப் பிராதை யாரு மேல எழுதறது?"