ஞாயிற்றுக்கிழமை காண்ட்ராக்ட்

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வேலை எதையும் தொடுவதில்லை என்று ஐயாவு முடிவெடுத்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஆபீஸிலிருந்து மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வருகிற வழியில். முடிவெடுத்ததுமே முதுகு நிமிர்ந்துவிட்டது. செம்மண் பாதையின் மேடுபள்ளம்கூட அவருக்குத் தெரியவில்லை.

பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே ஐயாவு இரண்டாவது கிராணி. வாரம் முழுக்க ஆபீஸ் கணக்கு. ஞாயிறு வந்தால் வீட்டைச் சுற்றிப் புல் வெட்ட வேண்டும், லோங்காங் என்கிற வீட்டோரச் சாக்கடையில் அடைத்துக்கொண்டிருக்கும் சேற்றை அள்ள வேண்டும், கோழிக்கூட்டைக் கழுவ வேண்டும். எல்லாம் முடித்துத் தூண்டிலோடு சிலாங்கூர் ஆற்றங்கரைக்குப் போய் உட்காரும்போது பொழுது சாய்ந்திருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவர் மற்ற நாட்களில் உயிரோடு இருந்தார். ஆற்றில் பெரிய பெரிய இறால் இருந்தது. அவருக்கு ஒன்றும் மாட்டியதில்லை. நேரம் போதாததுதான் காரணம் என்று உறுதியாக நம்பினார்.

அன்று காலை, கோலாலம்பூரில் ஏதோ வகுப்புக்குப் போய் வந்த மானேஜர் எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசியிருந்தார். பழம் ஏற்றும் லோரிகள் இனித் தோட்டத்துக்குச் சொந்தமில்லை. அந்த வேலை வெளியாளுக்குக் காண்ட்ராக்ட். நமக்கு எது நன்றாக வருமோ அதை மட்டும் நாம் வைத்துக்கொள்வது, மற்றதை அதற்கென்று இருக்கிறவனிடம் கொடுத்துவிடுவது. இந்த எண்பதுகளில் உலகமே இப்படித்தான் போகிறதாம். வாசலில் நின்ற லோரி டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐயாவு தன் தூண்டிலை நினைத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி திலகம் பின்வாசலில் கருவாட்டை அலசிக்கொண்டிருந்தாள்.

“கேட்டுக்க. புல்லு, லோங்காங்கு, கோழிக்கூடு, எல்லாத்தையும் காண்ட்ராக்ட்ல விட்டுட்டேன்.”

“யாருக்கு?”

“வீரனுக்கு. அவன் லோரிதான் போகப்போவுதே.”

“அவரு லோரியில்ல ஓட்டுவாரு? புல்லு வெட்டுவாரா?”

“அது அவன் பாடு.”

“சரியா வெட்டலைன்னா?”

“அதுவும் அவன் பாடு. வேலையக் குடுத்தாச்சுன்னா தலவலியையும் சேத்துக் குடுத்தாச்சுன்னு அர்த்தம்.”

“தலவலி அவருக்கு. வீடு யாருக்கு?”

“ஒனக்குப் புரியாது. மானேஜர் படிச்சிட்டு வந்து சொல்லியிருக்காரு.”

திலகம் கையை உதறிவிட்டு எழுந்தாள். “இந்தச் சட்டம் உங்களுக்கு மட்டுமா, வீட்டுக்கேவா?”

“வீட்டுக்கேதான்!”

“வள்ளியம்மாக்கா!” என்று வேலிப்பக்கம் குரல் கொடுத்தாள். “இங்க வாங்க. இவரு என்னமோ புதுசா சொல்றாரு.”

பக்கத்து வீட்டு வள்ளியம்மா வந்து வேலியில் கையை ஊன்றிக்கொண்டாள். கேட்க ஆள் கூடியதில் ஐயாவுக்கு உற்சாகம். மானேஜரைப் போலவே ஒரு விரலை உயர்த்தினார்.

“யாருக்கு எது நல்லா வருமோ அத அவங்க வச்சுக்கணும். வராதத வெளிய குடுத்துடணும். இதுல மூஞ்சி தாட்சண்யம் பாக்கவே கூடாது.”

“நல்லாத்தான இருக்குலா,” என்றாள் வள்ளியம்மா.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள் திலகமும். அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதைக் கண்டு ஐயாவு பயந்திருக்க வேண்டும். பயப்படாமல் தூண்டில் நரம்பைச் சிக்கெடுக்கப் போனார்.

மறுநாள் காலையிலேயே வீரன் வந்தான். தோட்டத்தில் களையெடுப்புக்கு ஆள் விடுகிற அதே தோரணையில் ஐயாவு எல்லை காட்டினார்: “வீட்டுச் சுவத்துலேருந்து லோங்காங் வரைக்கும். பச்சையா ஒண்ணு நிக்கக் கூடாது.” சொல்லிவிட்டு ஆற்றுக்குப் போனார். முழுப் பகலும் உட்கார்ந்தார். இறால்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை.

திரும்பி வந்தபோது வீரன் வாக்கைக் காப்பாற்றியிருந்தான். பச்சையாக ஒன்றும் நிற்கவில்லை. சமையலுக்கென்று திலகம் வளர்த்த செரை, பாண்டான், கறிவேப்பிலை, காய்க்கத் தொடங்கியிருந்த கத்தரி, எதுவுமே நிற்கவில்லை.

“கிராணி ஐயா சொன்னாங்க, நான் செஞ்சேன்லா,” என்றான் வீரன்.

திலகம் கத்துவாள் என்று ஐயாவு காத்திருந்தார். அவள் கத்தவில்லை. “வீரண்ணன் மேல தப்பில்லைங்க. வேலைய வெளிய குடுக்கலாம். பாத்துக்கிறதக் குடுக்க முடியுமா? ஆபீஸ்லகூடக் காண்ட்ராக்ட் ஆளு பின்னாடி மண்டோர் நிக்கிறாருல்ல?”

அடுத்த ஞாயிறு ஐயாவு மண்டோராக நின்றார். வெயிலில் தொப்பியோடு நின்றார். வீரன் இங்கே வெட்டவா, அங்கே வெட்டவா என்று குனிந்த இடத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தான். அவன் சேற்றை அள்ளிய விதத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. லோங்காங்கின் பாதிச் சேறு மறுபடி லோங்காங்குக்கே போனது.

“இங்க குடு. இப்படிப் புடிக்கணும். பாத்தியா?”

“இன்னொரு தரம் காட்டுங்க ஐயா.”

காட்டினார்.

“யம்மா! கிராணி ஐயா கை பட்டா லோங்காங் கண்ணாடி மாதிரி இருக்குலா!”

“நான் சொல்லல?” என்றாள் திலகம், வாசலில் நின்றபடி. “இந்தத் தோட்டத்துலயே இவரு மாதிரி யாருக்கும் வராது.”

மனைவி வாயால் புகழ்ச்சி கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஐயாவு சட்டையைக் கழற்றிவிட்டு மூலை வரைக்கும் காட்டினார். கோழிக்கூட்டையும் காட்டினார். முழங்கை வரை சேறாக நிமிர்ந்தபோது அவருடைய மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது.

“யாரது என் மோட்டார?”

“வீரண்ணன்தான். சும்மா குந்தியிருந்தாரு. ஒங்க தூண்டிலக் குடுத்து அனுப்பினேன்.”

சாயங்காலம் வீரன் வாளியோடு திரும்பினான். வாளி தானாக ஆடியது. உள்ளே நீலக் கொடுக்கு இறால்கள், ஒவ்வொன்றும் கை நீளம். அன்றிரவு திலகம் வைத்த குழம்பை ஐயாவு கடுங்கோபத்தோடு சாப்பிட்டார். கோபம் அடங்காமல் இன்னொரு தட்டும் சாப்பிட்டார்.

“இங்க பாரு. அடுத்த வாரம் நான்தான் ஆத்துக்குப் போவேன்.”

“வீரண்ணன்கிட்டப் பேசி முடிச்சாச்சே. தூண்டில் வேலை இனிமே அவருக்கு. புடிக்கிறதுல பாதி நமக்கு.”

“தூண்டில் போடுறது வேலையா? அது என் சந்தோஷம்டி!”

“வீரண்ணனுக்கு லோரி ஓட்டுறதுதான் சந்தோஷம். மானேஜர் அதக் கேட்டாரா?”

ஐயாவு குழம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“ஒங்களுக்குப் புல்லு வருது, லோங்காங்கு வருது, கோழிக்கூடு வருது. இறாலு வரல. வராதத வெளிய குடுக்கணும், மூஞ்சி பாக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு? வள்ளியம்மாக்காவக் கூப்பிடவா?”

“வேணாம்,” என்றார் ஐயாவு.

அடுத்த ஞாயிறு அவர் லோங்காங் ஓரம் குனிந்திருந்தபோது ஒரு நிழல் விழுந்தது. வீரன், தோளில் தூண்டில், கையில் காலிப் பால்டின்.

“கிராணி ஐயா, புழு?”

“என்ன புழு?”

“அம்மாகிட்டப் பேசினப்ப அப்படித்தான முடிவாச்சு. புடிக்கிறது நான், புழு ஒங்க பக்கம்லா.”

ஐயாவு வாசலைப் பார்த்தார். திலகம் தலையாட்டினாள். அவர் டின்னை வாங்கிக்கொண்டு, ஈர மண்ணாகப் பார்த்துத் தோண்டத் தொடங்கினார்.

வேலிக்கு மேலிருந்து வள்ளியம்மா எட்டிப் பார்த்தாள். “எம்மாடி, என்னமா கொழுத்த புழுவா எடுக்கறாரு!”

“ஆமாக்கா,” என்றாள் திலகம். “இதுவும் அவருக்கு நல்லாவே வருது.”