நான் எழுதிய மன்றாட்டும் அம்மாவின் மொழிபெயர்ப்பும்

கத்தோலிக்கர்களுக்குக் கோபமே வராது என்று நினைப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் கோவில் கார் நிறுத்துமிடத்துக்கு வந்து பார்க்க வேண்டும். பாடகர் குழு, பங்குப் பேரவை, ஒழுகும் கூரை, ஆயர் இல்லம் என்று ஒருவரையும் விட்டுவைக்க மாட்டோம். அதே நேரம் சாமியார் வெளியே வந்துவிட்டால், "ஃபாதர், இன்னிக்கிப் பிரசங்கம் நல்லா இருந்துச்சு" என்போம். நான் இந்த மரபை உடைத்து, திருச்சபைத் தலைமையை நேருக்கு நேர் தட்டிக் கேட்கப் புறப்பட்டவள். அது எப்படி முடிந்தது என்று என் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மலேசியாவின் கிள்ளானில் வீடு, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை. ரயிலில் உட்கார்ந்ததும் போனில் திருச்சபைச் செய்திகளைப் படிப்பேன். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரே மாதிரிச் செய்தி. பிள்ளைகளிடம் தவறாக நடந்த குருக்கள், அவர்களை ஊர் ஊராக மாற்றி ஒளித்து வைத்த தலைவர்கள். கேஎல் சென்ட்ரல் நிலையம் வருவதற்குள் மனசுக்குள் இரண்டு கர்தினால்களையாவது பதவியிலிருந்து இறக்கியிருப்பேன். (அலுவலகத்துக்குள் நுழைந்ததும் "யெஸ் பாஸ்" தான்.)

தூரத்துச் செய்தியாக இருந்தது ஒரு நாள் பக்கத்து வீட்டுக்கே வந்தது. பிலோமினா அக்காதான் எனக்குப் புதுநன்மைக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்த மறைக்கல்வி ஆசிரியை. அவர் மகள் ஷரனுக்கு அப்போது பதினைந்து வயது. தியானம் நடத்த வெளியூரிலிருந்து வந்த ஒரு சாமியார், தியானம் முடிந்து போன பிறகும் அந்தப் பிள்ளையின் போனுக்கு எதையெதையோ எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். சாமியார் என்ன, எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளைக்கு எழுதக் கூடாதவை. அக்கா வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு ஆயர் இல்லத்துக்கே போய்ப் புகார் சொன்னார். திரும்பும் வழியில் பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கி என்னைக் கூப்பிட்டார். ஒரு வாழையிலைக் கடையில் உட்கார்ந்தோம்.

"என்னக்கா சொன்னாங்க?"

"நமக்காக ஜெபிக்கிறாங்களாம்."

"வேற?"

"ஒரு ஜெபமாலை குடுத்தாங்க. என்கிட்டதான் வீடு நெறைய இருக்கே லா."

சொல்லிவிட்டுத் தே தாரேக் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். கடைசி வரை குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அக்கா கோவிலுக்குள் வருவதில்லை. மாமியார் பூசையை விட மாட்டார் என்பதால் அவரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பூசை முடியும்வரை தன் வெள்ளை மைவி காரில் ஏர்கானைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "ஆண்டவர் மேல கோவம் இல்ல ரீத்தா. உள்ள வந்தா மூச்சு முட்டுது, அவ்வளவுதான்" என்றார். எனக்குப் பிடித்த ஆசிரியை வாசலுக்கு வெளியே, நான் உள்ளே பாட்டுப் பாடிக்கொண்டு. பொறுக்கவே முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பங்குத் திருவிழா வந்தது. தமிழ்ப் பூசைக்கு ஆயர் இல்லத்திலிருந்து ஒரு மொன்சிஞ்ஞோர் வருகிறார் என்றார்கள். ஆயருக்கு அடுத்த நிலையில் இருந்தவர். அக்காவின் புகார் போய்ச் சேர வேண்டிய மேசையே அவருடையதுதான். பங்குச் சாமியார் பந்தல்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும், "ரீத்தா, மன்றாட்டு நீயே எழுதிடும்மா, எனக்கு நேரமில்ல" என்றார். பிரசங்கம் முடிந்ததும் எங்களில் ஒருவர் மைக் முன்னால் போய் மன்றாட்டுகளை ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒவ்வொன்றின் முடிவிலும் எல்லோரும் சேர்ந்து "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்பார்கள். வழக்கமாக உலக சமாதானம், நோயாளிகள், தேர்வு எழுதும் பிள்ளைகள் என்று போகும். நான் புரட்சி எழுதினேன்.

அம்மாவின் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு மைக் முன் நின்றேன். முதல் மன்றாட்டை வாசித்ததும் கோவிலே உறைந்து போகும், யாராவது மைக்கை அணைப்பார்கள், என்னை வெளியே இழுத்துப் போவார்கள் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். (இழுத்துப் போகும்போது சேலை கசங்கக் கூடாதே என்ற கவலையும் இருந்தது.)

"தவறு செய்த குருக்களைத் திருத்தாமல் ஊர் மட்டும் மாற்றும் நோயிலிருந்து எங்கள் தலைவர்கள் குணமடைய வேண்டுமென்று இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது மொத்தக் கோவிலும், கொஞ்சமும் பிசகாமல்.

சரி, முதலாவது புரியவில்லை போலிருக்கிறது என்று குரலை உயர்த்தினேன்.

"அழுதுகொண்டு வருகிறவர்களிடம் 'ஜெபிக்கிறோம்' என்று சொல்லிக் கதவைச் சாத்தும் வழக்கத்தைத் தலைவர்கள் விட்டொழிக்க வேண்டுமென்று இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." இந்த முறை இன்னும் பலமாக. முன்வரிசையில் ஒரு அங்கிள் விசிறிக்கொண்டே சொன்னார்.

"காது கொடுத்துக் கேட்க மனமில்லாத தலைவர்கள், மனமுள்ளவர்களுக்குத் தங்கள் நாற்காலியை விட்டு எழ வேண்டுமென்று இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

இதற்கு எல்லோரையும்விட உரக்கப் பதில் சொன்னவர் மொன்சிஞ்ஞோர். அவர் மலாக்காப் போர்ச்சுகீசியர், தமிழ் தெரியாது. அந்த ஒரு வரியை மட்டும் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கண்ணை மூடி, கைகளை விரித்து, அவ்வளவு பக்தியாகச் சொன்னார். அந்தக் கோவிலில் நான் வாசித்ததைக் காதில் வாங்கியது ஒரே ஒருவர்தான் என்று பாடகர் குழுவின் பக்கம் திரும்பியபோது தெரிந்தது. அம்மா பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்து மண்டபத்தில் மீகூனும் கறிபாப்பும் பரிமாறினார்கள். "மைக் தெளிவா இருந்துச்சும்மா" என்று இரண்டு ஆன்ட்டிகள் பாராட்டினார்கள். புரட்சி தோற்ற துக்கத்தில் நான் பின்வாசல் பக்கம் நழுவும்போது மொன்சிஞ்ஞோர் என்னைக் கைகாட்டி அழைத்தார். பக்கத்தில் பங்குச் சாமியார்.

மொன்சிஞ்ஞோர் ஆங்கிலத்தில் சொன்னார்: "மக்கள் இவ்வளவு உருக்கமாகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த மன்றாட்டுகளை எனக்குக் கொஞ்சம் மொழிபெயர்த்துச் சொல்லேன், மகளே."

நான் காத்திருந்த தருணம் இதுதான். தலைமை என் எதிரில், ஒரு முழத் தூரத்தில், காது கொடுக்கத் தயாராக நிற்கிறது. பிலோமினா அக்காவுக்காக நான் வாயைத் திறந்தேன். வந்தது இது: "முதலாவது, தலைவர்கள் நோயிலிருந்து குணமடைய வேண்டும் என்று."

"எவ்வளவு நல்ல மனசு" என்றார். "எனக்கு பி.பி. இருக்கிறது."

"அதற்கும் சேர்த்துத்தான் ஃபாதர்" என்றேன். (இதை இன்று எழுதும்போதும் கை கூசுகிறது.)

"இரண்டாவது?"

"வருகிறவர்களுக்காக நீங்கள் ஜெபிப்பதைப் பற்றி."

"மூன்றாவது?"

"நீங்கள் மேன்மேலும் எழ வேண்டும் என்று."

அவர் கண்கலங்கி என் தலைமேல் கை வைத்து ஆசீர்வதித்தார். புரட்சிக்காரி குனிந்து வாங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஃபாதர், சாரி. மை டாட்டர் டிரான்ஸ்லேட்டிங் ராங்."

அம்மா வாழ்நாளில் ஒரு சாமியாரை எதிர்த்துப் பேசியதில்லை. சாமியார் வீட்டுக்கு வந்தால் நாற்காலியை இருமுறை துடைப்பார். தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்தவர். அவருடைய ஆங்கிலம், எந்த மெஷின் எங்கே நின்றுபோனது என்று பொறியாளரிடம் சொல்வதற்காகக் கற்றுக்கொண்டது. அதை வைத்தே ஆரம்பித்தார்.

"நம்பர் ஒன். பேட் ஃபாதர், யூ ஒன்லி டிரான்ஸ்ஃபர். நம்பர் டூ. பீப்பிள் கம் அண்ட் கிரை, யூ சே பிரே, குளோஸ் டோர். நம்பர் த்ரீ. நோ லிசன், யூ கெட் அப், அதர் பீப்பிள் சிட்."

பங்குச் சாமியாரின் வாயில் கறிபாப் பாதியில் நின்றது. நான் தரை பிளக்காதா என்று பார்த்தேன். அது சிமெண்டுத் தரை. மொன்சிஞ்ஞோர் சிவந்து போனார். யார் அழுதுகொண்டு வந்தது என்று மெதுவாகக் கேட்டார். அம்மா ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

"தட் ஒயிட் மைவி. மாமியார் இன்னும் சாப்பிடறாங்க, சோ ஷி வெய்ட்டிங்."

மொன்சிஞ்ஞோர் தட்டைக் கீழே வைத்தார். நல்ல வெயிலில், வெள்ளை அங்கியும் இடைக்கச்சையுமாக, நேரே அந்தக் காரிடம் போய்க் கண்ணாடியைத் தட்டினார். அக்கா என்ன நினைத்தார் என்றால், மொன்சிஞ்ஞோருடைய காரை மறித்து நிறுத்திவிட்டோம் என்று. "சாரி ஃபாதர், சாரி" என்று கையைக் காட்டிவிட்டு ரிவர்ஸ் எடுத்தார். கார் பின்னால் போகப் போக, மொன்சிஞ்ஞோர் கைகளை ஆட்டிக்கொண்டு அதன் முன்னாலேயே நடந்தார். தலைமை தன் மக்களைப் பின்தொடர்ந்து ஓடியதை நான் கண்ணால் கண்டது அந்த ஒரு முறைதான். வேலியோரம் கார் நின்றது. கதவு திறந்தது. முன் இருக்கையில் இருந்த பாசாரில் வாங்கிய காய்கறிப் பைகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அவர் உள்ளே உட்கார்ந்தார்.

மண்டபத்தில் பாத்திரமெல்லாம் கழுவி முடித்தும் அவர் இறங்கவில்லை. இறங்கியபோது அவர் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

அன்று மாலை அம்மாவிடம் கேட்டேன், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று.

"நீ எழுதுனது சரிதான். வாசிக்கிறப்போ பயந்துட்டேன். ஆனா அவர் பி.பி.க்கு ஜெபிச்சோம்னு சொன்ன பாரு, அப்பதான் கோவம் வந்துச்சு."

ஒரே நாளில் திருச்சபை திருந்திவிடவில்லை. ஆனால் புகார் எடுக்கப்பட்டது. ஷரனையும் அக்காவையும் வைத்து விசாரித்தார்கள். அந்தச் சாமியார் குருத்துவப் பணியிலிருந்தே நீக்கப்பட்டார். ஊர் மாற்றப்படவில்லை. முடிவு வந்த பிறகும் அக்கா பல மாதம் காரிலேயே இருந்தார். ஒரு ஞாயிறு எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காக எங்கள் பங்கு மக்களுக்கு நான் நன்றியோடு இருக்கிறேன். தலைவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஆனாலும் அந்த வெயிலில் நடந்த மனிதருக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

அம்மா அன்று மொன்சிஞ்ஞோரிடம் முதலில் சொன்ன அந்த வாக்கியம் மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போகவே இல்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் எனக்குச் சமைக்கத் தெரியும் என்று நான் சொன்னபோதுகூட அம்மா அதைச் சொன்னார். (அப்படியும் கல்யாணம் நடந்தது.) போன கிறிஸ்துமஸுக்கு ஷரன் வந்திருந்தாள். இப்போது அவள் மருத்துவமனையில் தாதிப் பயிற்சியில் இருக்கிறாள். நான் சுட்ட கேக்கை ஒரு வாய் வைத்துவிட்டு, "சூப்பர்க்கா" என்றாள். பக்கத்தில் இருந்த பிலோமினா அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு என் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"சாரி ஆன்ட்டி. மை டாட்டர் டிரான்ஸ்லேட்டிங் ராங்."