கே. வைத்தியநாதன் உடனே வெளியே வரவும்

தன் பெயரைப் பெரிய எழுத்தில் பார்க்க ஆசைப்படாத ஆள் யாராவது இருந்தால் கையைத் தூக்கட்டும். நான் தூக்க மாட்டேன். அந்த ஆசையால் நான் அடித்த கூத்தில் என் அக்காவுக்கு ஒரு மத்தியானம் பாழாய்ப் போனது. ஒரு மத்தியானம்தானே, போனால் போகிறது என்பீர்கள். நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். பி.காம். முடித்துவிட்டு (முடித்ததாக வீட்டில் சொல்லிவிட்டு) வேலை தேடிக்கொண்டிருந்தேன். என்னிடம் உருப்படியாக இருந்தது கையெழுத்து ஒன்றுதான். அதைப் பார்த்து மயிலாப்பூரில் ஒரு சினிமா தியேட்டரில் ஸ்லைடு எழுதும் வேலை கொடுத்தார்கள்.

அந்தக் காலத்தில், படம் பார்க்கப் போனவரை அவசரமாகக் கூப்பிட வேண்டுமென்றால் வீட்டிலிருந்து தியேட்டருக்கு ஆள் அனுப்புவார்கள். கறுப்பு மை பூசிய கண்ணாடித் துண்டில் நான் ஊசியால் பெயரைக் கீறுவேன். அதை ஸ்லைடு மெஷினில் செருகி விளக்கைப் போட்டால், ஓடுகிற படத்தின் மேலேயே வெள்ளை எழுத்து விழும்: ‘இன்னார் உடனே வெளியே வரவும்.’ பிரசவம், மாரடைப்பு, ஊரிலிருந்து மாமியார் வருகை, எல்லாவற்றுக்கும் அதே வாசகம். பார்த்தவர் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவருவார்.

அப்பாவுக்கு சினிமா என்ற வார்த்தையே ஆகாது. அதனால் ஒரு விளம்பரக் கம்பெனியில் ஆர்ட்டிஸ்ட்டாக இருப்பதாக வீட்டில் புளுகி வைத்திருந்தேன்.

கமலா அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. அத்திம்பேர் ராணுவத்தில், வடக்கே எங்கேயோ எல்லையோரம். குவார்ட்டர்ஸ் கிடைக்கிற வரைக்கும் அக்கா எங்களோடுதான். கல்யாணத்துக்கு வந்த கூட்டமோ எங்கள் இரண்டு அறை வீட்டை விட்டு நகர்வதாக இல்லை. புதுத் தம்பதி நாலு வார்த்தை பேச வேண்டுமானால் கிணற்றடிக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் ஏதாவது ஒரு அத்தை துணி துவைத்துக்கொண்டிருப்பாள். அப்படியே லீவு முடிந்து, அத்திம்பேர் ரயிலேறும் நாளும் வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் அம்மாவுக்கு மனசு இரங்கியது. “ரெண்டு பேருமா ஒரு மேட்னி பாத்துட்டு வாங்கோ. ரயிலுக்கு நாழி இருக்கு” என்றாள். கூட வருவேன் என்று அழுத வாண்டுகளை முறுக்குக் கொடுத்து அடக்கினாள். கல்யாணமானதிலிருந்து அவர்கள் இருவருக்கு மட்டும் என்று கிடைத்தது அந்த மூன்று மணி நேரம்தான்.

எனக்கு என் கவலை. எங்கள் தியேட்டருக்கு வந்து தொலைத்தால் குட்டு உடைந்துவிடுமே! “இங்க வேண்டாம்க்கா, சீட்டெல்லாம் மூட்டைப்பூச்சி. மவுண்ட் ரோடுக்குப் போங்கோ” என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினேன்.

தியேட்டரில் எனக்கு ஏற்கெனவே கெட்ட பெயர். ஸ்லைடை எப்படிச் செருகினாலும் எழுத்து தலைகீழாகத்தான் விழும். ஆபரேட்டர் துலுக்காணம் அண்ணன் அன்றைக்கும் பிடித்துக்கொண்டார்.

“இன்னா நைனா, எத்தினி தபா சொல்றது? தலகீழா சொருவினாத்தான் நேரா வுயும். ஹாலு காலியா கீது பாரு, ஒண்ணு எய்திப் போட்டுப் பாத்துக்கோ.”

போட்டுப் பார்க்க ‘அ ஆ இ ஈ’ எழுதியிருக்கலாம். பிள்ளையார் பேரை எழுதியிருக்கலாம், புண்ணியமாவது கிடைத்திருக்கும். நான் எழுதியது என் பெயரையும் எங்கள் பேட்டையையும்: ‘சித்திரக்குளம் கே. வைத்தியநாதன் உடனே வெளியே வரவும்.’ நேராக விழுந்தது. ஒவ்வொரு எழுத்தும் என் உயரம்! மாடியிலிருந்து ஒரு தடவை பார்த்தேன், கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து ஒரு தடவை பார்த்தேன். அதற்குள் ஜனம் வர ஆரம்பிக்கவே விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டேன். ஸ்லைடை எடுக்கவில்லை. (மூளை என்று ஒன்று இருந்தால்தானே!)

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு கார் வாசலை மறித்து நிற்பதாகச் சேதி வந்தது. கார் நம்பரை ஒரு கண்ணாடியில் கீறி எடுத்துக்கொண்டு ஓடினேன். ஸ்லைடு செருகும் சட்டத்தில் இரண்டு குழி உண்டு. ஒன்றை விளக்குக்கு நேரே தள்ளினால் மற்றது வெளியே வரும். காலிக் குழியில் கார் நம்பரை வைத்தேன். சட்டத்தைத் தள்ள வேண்டிய பக்கம் தள்ளாமல் விளக்கைப் போட்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஹால் நிறையக் கூட்டம். கதாநாயகி தாலியைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அவள் நெற்றிக்கு மேலே நான்.

“டேய், அது உன் பேருடா! எட்றா அத்த!” என்று துலுக்காணம் அண்ணன் கத்திய பிறகுதான் உறைத்தது. பிடுங்கினேன். விளக்குச் சூட்டில் காய்ந்திருந்த கண்ணாடி விரலைப் பொசுக்கியது.

கீழே இறங்கிப் போனால் மேனேஜர் முன்னால் இரண்டு வைத்தியநாதன்கள் நிற்கிறார்கள். ஒருவர் மந்தைவெளி. “சித்திரக்குளம்னு போட்டிருந்துதே சார்?” என்று மேனேஜர் கேட்டதற்கு, “எங்காத்துல எதைத்தான் சரியாச் சொல்லி அனுப்பியிருக்கா?” என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வந்தது. அதுதான் அன்றைக்குக் கடைசிச் சிரிப்பு.

ஏனென்றால் கேட்கீப்பர் குறுக்கே வந்து சொன்னார்: “இப்போதான் சார் ஒரு பொண்ணு அய்துகினே ஓட்ச்சு. தம்பி பேராம். அப்பாவுக்கு இன்னாவோ ஆய்ட்ச்சுன்னு சொல்லிச்சு. மிலிட்டரி கிராப்பு வெச்ச ஒருத்தரு பின்னாடியே ஓட்னாரு.”

அப்பாவுக்கு அதற்கு முந்தின வருஷம்தான் ஒரு தடவை நெஞ்சு வலி வந்திருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு ஓடினேன்.

வீட்டில் அப்பா ஈஸிசேரில் மலங்க மலங்க விழித்துக்கொண்டிருந்தார். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த மனிதர் மேல் அக்கா “அப்பா!” என்று அலறிக்கொண்டு போய் விழுந்திருக்கிறாள். அலறல் கேட்டுத் தெருவே கூடியிருந்தது. “நான் போய்ட்டேனோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு” என்று அப்பா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். “வைத்தி! உன்னைத் தியேட்டர்ல கூப்பிட்டாளே, யாருடா கூப்பிட்டா?”

“நான்தான்க்கா.”

“உன்னை நீயேவா கூப்பிட்டுண்டே?”

“மவுண்ட் ரோடுக்குப் போகச் சொன்னேனே!”

“அங்க ஹவுஸ்ஃபுல் போர்டு போட்டுட்டான்டா, பாவி!”

“விளம்பரக் கம்பெனின்னியே?” என்றார் அப்பா. அப்புறம் என்னோடு ஒரு மாசம் பேசவில்லை.

அத்திம்பேர் ஓடிவந்த வியர்வையில் சட்டை நனைய நின்றுகொண்டிருந்தார். கடியாரத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். “மாமாவுக்கு ஒண்ணுமில்லையே, அது போதும்” என்று சிரித்தார். “திரும்பிப் போங்கோ, பாதிப் படம் பாக்கலாம்” என்று கெஞ்சினேன். யார் விட்டார்கள்? அத்தைகள் அக்காவைச் சூழ்ந்துகொண்டு தண்ணீர் கொடுத்தார்கள், விபூதி பூசினார்கள், அப்படியே புளியோதரை கட்ட அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். சாயங்காலம் சென்ட்ரலுக்கு மொத்தக் குடும்பமும் போனது. ரயில் நகரும்போது அக்கா யாரோ ஒரு அத்தையின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள்.

எனக்கு வேலை போனது. அது கிடக்கட்டும். அத்திம்பேருக்கு அடுத்த லீவு கிடைக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. நடுவில் போர் வேறு. அந்த நாட்களில் அக்கா ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தால் நான் அந்த அறைக்குள்ளேயே போக மாட்டேன். போக முகமில்லை.

நல்லபடியாக வந்து சேர்ந்தார். அதற்கப்புறம் எந்தக் கல்யாணம், எந்தச் சீமந்தம் ஆனாலும் இந்தக் கதையைச் சொல்வது அவர்தான். மந்தைவெளிக்காரர் போல் நடிப்பார், துலுக்காணம் அண்ணன் போல் கத்துவார் (இரண்டும் என்னிடம் கேட்டு வாங்கியது). ‘உடனே வெளியே வரவும்’ என்ற இடம் வரும்போது சட்டென்று பக்கத்திலிருக்கும் அக்காவின் கையைப் பிடிப்பார். அக்கா உதறிவிட்டு எழுந்திருப்பாள். சபை கொல்லென்று சிரிக்கும். அந்தப் படத்தின் மீதியை மட்டும் இருவரும் பார்க்கவேயில்லை. “வைத்தி விட்ட இடத்துலேருந்து போட்டுக் காட்டட்டும், பாக்கறேன்” என்பார்.

அத்திம்பேர் போய் மூன்று வருஷம் ஆகிறது. போன பொங்கலுக்கு அந்தப் படத்தை டி.வி.யில் போட்டான். “இன்னிக்காவது மீதியைப் பாருக்கா” என்று அக்காவைக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். கதாநாயகி தாலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“இப்பத்தான்டா அவர் என் கையைப் பிடிச்சார்” என்றாள் அக்கா.

“எப்போ?”

“தியேட்டர்ல. உன் பேர் வர்றதுக்குச் சித்த முன்னாடி. மணையில வாத்தியார் சொல்லிப் பிடிச்சதோட சரி. தானாப் பிடிச்சது அன்னிக்குத்தான் முதல் தடவை. நான் உதறிட்டு எழுந்து ஓடிட்டேன்.”

“இத்தனை வருஷமா ஏன்க்கா சொல்லலை?”

“அவர்தான் ஒவ்வொரு தடவையும் சொல்லிண்டே இருந்தாரேடா” என்றாள்.

உள்ளேயிருந்து என் பேத்தி வழக்கம்போலக் குரல் கொடுத்தாள்: “கே. வைத்தியநாதன் உடனே வெளியே வரவும்! சாதம் ஆறறது!”

எங்கள் வீட்டில் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவது அப்படித்தான். அக்காவும் சிரித்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. படம் முடியும்வரை, மடியில் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.