ரஷீது பாய் யாரையும் குத்தவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொருக்குப்பேட்டை எண்ணெய்க் கிடங்குச் சந்திலிருந்து அருள்பிரகாசம், எம்.ஏ., வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் மனைவி ரோசியும் நலம். தாங்களும் மந்தைவெளியில் நலமாகத்தான் இருப்பீர்கள். கத்திக்குத்து நடந்தது எங்கள் சந்தில்தானே.

'கேட்' என்ற என் சிறுகதையை இந்த இதழில் வெளியிட்டதற்கு நன்றி சொல்வது மரபு. சொல்லிவிட்டேன். நான் அனுப்பிய கதையில் தையல்காரர் ரஷீது, கல்யாணப் பெண்ணின் ரவிக்கையைப் பையில் வைத்துக்கொண்டு, மூடிய ரயில்வே கேட்டில் நிற்கிறார். சரக்கு ரயில் போய்த் தொலையும்வரை பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஒரு கதை சொல்கிறார். கேட் திறக்கிறது, எல்லோரும் போய்விடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. தாங்கள் வெளியிட்ட கதையில் அதே ரஷீது, கடைசிப் பத்தியில், பையிலிருந்து கத்தரிக்கோலை உருவி கேட் கீப்பரின் வயிற்றில் செருகுகிறார். போதாததற்கு ஒரு படம். மடித்துக் கட்டிய லுங்கி, கன்னத்தில் தழும்பு, பின்னால் துறைமுகக் கிரேன். எங்கள் கேட்டிலிருந்து பார்த்தால் கிரேன் தெரியாது ஐயா, ஓவியர் எங்கே நின்று பார்த்தார்?

தாங்கள் தொலைபேசியில் சொன்னதை நான் மறக்கவில்லை. நான் எதையும் மறப்பவன் அல்ல. "சார், நடை பிரமாதம். ஆனா வட சென்னைன்னு சொல்லிட்டு ஒரு கத்திகூட இல்லையே? அப்புறம், முடிவே இல்லாத கதை எனக்குப் பிடிக்காது" என்றீர்கள். மயிலாப்பூரில் ஒருவர் உட்கார்ந்து காபி ஆற்றினால் அது கதை. அவர் காபி ஆறுவதற்குள் தன் அத்தையை நினைத்துக்கொண்டால் அதற்குப் பரிசு. அங்கே யாரும் கத்தி கேட்பதில்லை. எங்கள் பக்கம் மட்டும் ஒரு ஆள் செத்தால்தான் இலக்கியம். மாதா கோயில் பாடகர் குழுவைப் பற்றி நான் முன்பு அனுப்பிய கதையையும் "இதில் ராயபுரமே இல்லையே" என்று திருப்பி அனுப்பியவர் தாங்கள்தான். அந்தக் குழு முழுக்க ராயபுரத்துக்காரர்கள். அவர்கள் ஒருவரையொருவர் குத்திக்கொள்ளவில்லை, சுருதி தவறினார்கள், அவ்வளவுதான்.

முடிவு பற்றிச் சொல்கிறேன். எங்கள் ஊரில் கதை பிறப்பதே அந்தக் கேட்டில்தான். மணி அடித்து கேட் இறங்கியதும் யாராவது ஆரம்பிப்பார்கள். ரயில் நீளமாக இருந்தால் கதையும் நீளும். கேட் ஏறியதும், கதையில் கிணற்றுக்குள் விழுந்தவன் பாதிக் கிணற்றில் இருந்தாலும், சொன்னவன் சைக்கிளை மிதித்துப் போய்விடுவான். மீதி அடுத்த கேட்டில். இதில் முடிவுக்கு எங்கே ஐயா போவது? இன்னொரு வழக்கமும் உண்டு. கதையை எடுத்ததுமே கேட்பவர்கள் "யாரு? எந்தச் சந்து?" என்பார்கள். ஆள் பேரும் சந்தும் சொல்லாவிட்டால் ஒருத்தரும் காது கொடுக்க மாட்டார்கள். ஆகையால்தான் நானும் ரஷீது பாயிடம் கேட்டுக்கொண்டு, அவர் பேரையும் கடையையும் சந்தையும் உள்ளபடியே எழுதினேன். அவர் பூரித்துப்போய் இதழ் வந்த அன்றே வாங்கிக் கடைவாசலில் தொங்கவிட்டார். படிக்காமலே தொங்கவிட்டார். அதுதான் வினையாகிவிட்டது.

முதலில் வந்தவர் கேட் கீப்பர் நீலமேகம். "இன்னா சார், நம்மள போட்டுத் தள்ளிட்டியாமே? டூட்டி முட்ச்சி வூட்டுக்குப் போனா பொண்டாட்டி, 'எங்க குத்துனாங்க, சட்டையத் தூக்கிக் காட்டு'ன்றா. காயம் இல்லன்னா அதுக்கும் சந்தேகப்படறா, பேஜாரு சார்" என்றார். அடுத்து, துணி கொடுத்திருந்த பெண்களெல்லாம் வெட்டியது வெட்டாதது பார்க்காமல் அள்ளிக்கொண்டு போனார்கள். அப்புறம் ஒரு போலீஸ்காரர் வந்தார். இது கற்பனை என்று விளக்கினேன். "கற்பனைன்னா எதுக்கு சார் அட்ரஸ் போடறீங்க?" என்று கேட்டுவிட்டு, தன் பேன்ட் ஒன்றைக் கொஞ்சம் உயரம் குறைக்கச் சொல்லி பாயிடம் கொடுத்துப் போனார். பிறகு கேமராவோடு இரண்டு பையன்கள் வந்து ரஷீது பாயைக் கத்தரிக்கோலோடு மெதுவாக நடந்து வரச் சொன்னார்கள். அந்த அப்பாவி மனுசனும் நடந்தார்!

"அருளு, ஊசி கையில ஏறுனாக்கூட 'யா அல்லா'ன்னு கத்தற ஆளு நானு. என்னையப் போயி இப்படிப் பண்ணிட்டியே" என்றார் என்னிடம். நான் எழுதவில்லை, ஆசிரியர் எழுதினார் என்றேன். "பேரு உம் பேரு தானே போட்டுக்கீது?" என்றார்.

ஆனால் இதெல்லாம் வேடிக்கை. உண்மையான இடி வேறு. அவர் மகள் மெஹ்னாஸுக்குப் பல்லாவரத்தில் ஒரு நல்ல இடம் கூடி வந்திருக்கிறது. பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துப்போய், பேச்சு முடிக்க ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருக்கிறார்கள். பையனின் அப்பா நசீர், ஓய்வு பெற்ற ஆசிரியர், தங்கள் இதழின் சந்தாதாரர். தமிழ்நாட்டிலேயே மிச்சமிருக்கும் ஒரே சந்தாதாரர் இந்த வீட்டுக்குத்தான் சம்பந்தியாக வர வேண்டுமா? ரஷீது பாயின் மனைவி ஜஹானாரா என் வாசலில் வந்து நின்று, "அண்ணே, நீங்க பட்ச்சவங்க. எம் பொண்ணு மூணு நாளா சோறு துன்னல. அவங்க வந்து கேட்டா நான் இன்னா சொல்லட்டும்?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ரோசி அன்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. குழம்புச் சட்டி மட்டும் பேசுகிறது, ணங்கென்று.

ஆகவே நான் கேட்பது இதுதான். "தையல்காரர் ரஷீது எவரையும் எக்காலத்திலும் குத்தியதில்லை, குத்தியது ஆசிரியர்" என்று பெரிய எழுத்தில், படத்துக்குக் கொடுத்த அதே இடத்தில், மறுப்பு வெளியிட வேண்டும். அதற்குமுன் நசீர் அவர்களுக்குத் தாங்களே போன் செய்து பேச வேண்டும். செய்யாவிட்டால் டோல்கேட் நிறுத்தத்தில் பஸ் ஏறித் தங்கள் அலுவலகத்துக்கே வருவேன். கையில் ஒன்றும் இருக்காது, பயப்பட வேண்டாம். அங்கே வந்து உட்கார்ந்து, நான் எழுதிய கதையை நான் எழுதியபடியே உரக்கப் படிப்பேன்.

தங்களுக்கும் தங்கள் இல்லத்தாருக்கும் இறைவன் நீண்ட ஆயுளையும், அடுத்தவர் கதையில் கை வைக்காத மனத்தையும் அருள்வாராக.

இப்படிக்கு,
ஞா. அருள்பிரகாசம்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் நசீர் பாய் கடைக்குத் தனியாக வந்துவிட்டார், கையில் இதழோடு. நானும் ஓடினேன். "பாய், இது நீங்கதானா?" என்றார். ரஷீது பாய் கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வெறும் கதைங்க" என்றார். மனிதர் முகம் தொங்கிவிட்டது. "அப்ப ஒண்ணுமே நடக்கலியா? எங்க பல்லாவரத்துல ஒண்ணுமே நடக்காதுங்க. சம்பந்தி இப்படிப்பட்டவருன்னு மசூதியில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே!" ஜஹானாரா புருசனை முழங்கையால் இடித்தார். பஸ் ஏற்றிவிட நாங்கள் கேட் பக்கம் நடந்தபோது மணி அடித்துக் கேட் இறங்கியது. இறங்கியதும் பாய்க்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. "அன்னிக்கும் இதே மாதிரிதான் கேட்டு போட்டுக்கினு இருந்தாங்க..." நசீர் நீலமேகத்தைக் காட்டி, "அப்ப இவரு?" என்றார். "செத்தவருக்குப் பதிலா வந்தவன் சார் நானு" என்றார் நீலமேகம், கண் இமைக்காமல். கத்தரிக்கோல் வயிற்றைத் தொட்ட இடத்தில் கேட் ஏறியது. பாய் பழக்கத்தில் அப்படியே விட்டுவிட்டு நடந்தார். "அப்புறம்? அப்புறம் என்னாச்சு?" என்று நசீர் பின்னாலேயே ஓடினார். மீதியை நிக்காஹ் அன்று சொல்வதாகப் பேச்சு. நிக்காஹ் உறுதி. மெஹ்னாஸ் சாப்பிட்டாள். இந்தக் கதையை எழுதியது யார் என்று நசீர் கேட்கவில்லை.

எனவே மறுப்பு வேண்டாம். குத்திய பிறகு ரஷீது பாய் எங்கே ஓடினார், போலீஸ் ஏன் பிடிக்கவில்லை என்பதை விரிவாக எழுதி உடனே அனுப்பவும். எனக்கு அந்த வகை வராது. தொடங்கிய தாங்கள்தான் முடிக்க வேண்டும். முடிவில்லாத கதை தங்களுக்குப் பிடிக்காதே.