தயவு வேண்டாதவர் வீட்டுச் சூரியன்

யார் தயவும் வேண்டாதவர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். மொட்டை மாடியைப் பார்த்தால் தெரியும். கருநீலப் பலகைகள் வெயிலைப் பார்த்துச் சாய்ந்து படுத்திருக்க, நடுவே ஒருவர் ஈரத்துணியோடு நின்று, சாமிக்கு அபிஷேகம் செய்கிற பயபக்தியில் அவற்றைத் துடைத்துக்கொண்டிருப்பார். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தெருவுக்கு அப்படி வாய்த்தவர் கொளஞ்சியப்பன்.

சோலார் போட்டதிலிருந்து அவருக்கு வெயில் சுடுவதில்லை. சிதம்பரத்துக்குப் போனாலும், நடராஜரைப் பார்க்க வரிசையில் நிற்கும்போதே கைப்பேசியை எடுத்து, தன் மாடி இந்த நிமிஷம் எவ்வளவு தயாரிக்கிறது என்று முன்னால் நிற்பவருக்குக் காட்டுவார். "நான் கரண்டு வாங்கறவன் இல்ல சார். குடுக்கறவன்."

பொழுது சாய்ந்தபின் அவர் வீட்டு விசிறி எதில் சுற்றுகிறது? தெருக்கம்பியில் வருகிற கரண்டில்தான். அவர் சொல்லமாட்டார். நாமும் கேட்கவேண்டாம், பெரிய மனிதர்.

அந்தக் கம்பியோ பழசு, ஒல்லி. மாலையானால் தெரு விளக்கெல்லாம் அழுது வடியும். மாவு விற்கும் புஷ்பவள்ளியின் கிரைண்டர் இரண்டு சுற்று சுற்றி முனகி நின்றுவிடும். காலையில் மாவு இல்லையென்றால் வந்தவர்கள் வேறு கடைக்குப் போவார்கள், அப்புறம் அவள் பிழைப்பு என்னாவது? ஆகவே மின்வாரியத்திடம் பெரிய கம்பி கேட்டு, செலவில் ஆளுக்கொரு பங்கு தருவதாகத் தெருவே மனுவில் கையெழுத்துப் போட்டது. கொளஞ்சியப்பன் மட்டும் பேனாவைத் தொடவில்லை. ஒருவர் விலகினால் அவர் பங்கும் மற்றவர் தலையில் ஏறும். மனு புஷ்பவள்ளி வீட்டுச் சாமி படத்தடியிலேயே கிடந்தது.

"எனக்கு எதுக்கும்மா கம்பி? என் கரண்டு மாடியில காய்க்குது."

"சாயங்காலம், மாமா?"

"நான் குடுத்ததத்தான திரும்ப வாங்கறேன்!"

அன்னதானத்துக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்துவிட்டு, மண்டபமும் அண்டாவும் இலை எடுக்கிற ஆளும் வானத்திலிருந்து வந்ததாக நினைப்பவர்கள் இல்லையா? அந்தக் கணக்கு.

அவரைப் பார்த்து மேலும் ஐந்தாறு மாடிகளில் பலகைகள் முளைத்தன. சித்திரை வந்தது. உச்சிவேளையில் எல்லா மாடியும் ஒன்றாக அந்த ஒல்லிக் கம்பிக்குள் கரண்டைத் தள்ள, வாங்கத்தான் ஆளில்லை. தெருவில் பாதிப்பேர் வேலைக்குப் போயிருந்தார்கள், மீதிப்பேர் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். கொளஞ்சியப்பன் வீட்டு சோலார் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கொளுத்துகிற வெயிலில் உற்பத்தி பூஜ்யம்! பெட்டி விற்ற கம்பெனிக்குப் போன் போட்டார்.

"லைன்ல வோல்டேஜ் ஜாஸ்தி சார், அதான் பெட்டி தானா நிறுத்திக்குது. கம்பியப் பெருசாக்கணும். இல்லன்னா அந்த நேரத்துல தெருவுல யாராச்சும் கரண்டு செலவு பண்ணணும்."

முதல் வழி அவர் காதில் ஏறவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். யார் தயவும் வேண்டாதவர் கதவு கதவாகத் தட்டினார். மோட்டார் போடுங்க என்றார், மிக்ஸி ஓட்டுங்க என்றார், இஸ்திரி போடத் துணியில்லை என்றவர்களிடம் தன் தோள் துண்டையே நீட்டினார். கடைசியாகப் புஷ்பவள்ளி.

"புஷ்பா, கிரைண்டர கொஞ்சம் போடேன். நல்ல கரண்டு. நம்ம வூட்டுது."

"இப்ப அரைச்சா இந்த வெயிலுக்கு ராவுக்குள்ளயே பொங்கிடும் மாமா. உங்க சூரியனுக்காக எம் மாவு புளிக்கணுமா?"

"இன்னிக்கு ஒரு நாளு மட்டும்."

"நாளைக்குச் சூரியனுக்கு லீவா?"

அவள் உள்ளே போய்ச் சாமி படத்தடியிலிருந்த மனுவை எடுத்து வந்து, ஒட்டியிருந்த குங்குமத்தைத் தட்டிவிட்டு நீட்டினாள்.

"வாங்கறதுக்கு மட்டுமா மாமா கம்பி? குடுக்கறதுக்கும் அதுதான்."

கையெழுத்து விழுந்தது. கீழே வேண்டிய இடமிருந்தும், எல்லார் பெயருக்கும் மேலே, விளிம்பில் நெருக்கி.

கம்பி மாறியது. மாலையில் கிரைண்டர் முனகாமல் சுற்றுகிறது. போகிறவர் வருகிறவரிடம் கம்பத்தைக் காட்டி, "நம்ம ஏற்பாடுதான். எனக்குக் கம்பியே வேணாம், தெரு சனம் பாவம்னு போட்டேன்" என்கிறார் கொளஞ்சியப்பன். புஷ்பவள்ளி மாவை அள்ளி ஊற்றியபடி, "ஆமாங்க, மாமா இல்லன்னா நாங்க இருட்டுதான்" என்கிறாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் மாடியில் பலகை இல்லைதான். ஆனால், "நான் எதுக்கும் எவன் வாசல்லயும் போய் நின்னதில்ல" என்று கடைசியாக எப்போது சொன்னீர்கள்? நினைவுபடுத்திப் பாருங்கள். அப்போது உங்கள் தலைக்கு மேல் விசிறி ஓடிக்கொண்டிருந்ததா?