டீமேக்கர் நின்ற ஜாமீன்

தேயிலைக் கொழுந்தை எங்கள் டீமேக்கர் அளவுக்கு மதித்த மனிதர் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மனிதர்களை அவர் அப்படி மதித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

போடிமெட்டுக்கு மேற்கே, மேகம் ஜன்னல் வழியாக வந்து மேசைமேல் உட்காரும் ஓர் எஸ்டேட்டில் நான் ஆபீஸ் ரைட்டராக இருந்தேன். ஃபாக்டரியில் இலையைத் தூளாக்கும் பொறுப்பு அவருடையது. பெயர் என்று ஒன்று இருந்தது. எஸ்டேட்டை நடத்திய துரை உட்பட யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இலை புளிக்கும் அறைக்குள் வெங்காயம் தின்றவன் நுழையக் கூடாது. தலைக்கு எண்ணெய் தடவியவன் நுழையக் கூடாது. ஒருமுறை துரையே சுருட்டோடு வந்துவிட்டார். டீமேக்கர் கதவருகே நின்று இருமத் தொடங்கினார். சுருட்டு வெளியே போகும்வரை இருமல் நிற்கவில்லை. காய்ச்சலில் சுருண்ட ஃபாக்டரி ஆளைப் பார்க்கக் கம்பவுண்டர் மருந்து வாடையோடு வந்தபோது, நோயாளியை வெளியே தூக்கி வரச் செய்து, தூறலில் வைத்து வைத்தியம் பார்க்க வைத்தார்.

நாற்பதைத் தாண்டியும் அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. தேயிலைச் செடிக்குத்தான் தாலி கட்டுவார் என்று கொழுந்து பறிக்கும் பெண்கள் பேசிக்கொண்டார்கள். ரங்கூனில் அரிசி ஆலையில் இருந்த தம்பியைப் பார்க்கப் போனவர், திரும்பும்போது ஒரு பர்மியப் பெண்ணோடு மலை ஏறினார். மா கின் என்று பெயர். லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த கூலிப் பெண்கள் அவளைக் கின்னம்மா ஆக்கினார்கள். அவளும் சீக்கிரமே அவர்களைத் திட்டும் அளவுக்குத் தமிழ் கற்றுக்கொண்டாள்.

அதற்குள் பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்துவிட்டார்கள். கின்னம்மா அயல்நாட்டுக்காரி ஆகிவிட்டாள். அவள் இங்கே நிரந்தரமாக இருக்க வேண்டுமானால் புருஷன் ஜாமீன் நிற்க வேண்டும். எஸ்டேட்டில் அவள்மேல் எந்தப் புகாரும் இருக்கக் கூடாது. தாசில்தார் நேரில் வந்து விசாரிப்பார். இப்படி உத்தரவு வந்தது. புகார் இருந்தால் கப்பல்தான். டீமேக்கர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள்மேல் யார் என்ன சொல்லிவிட முடியும் என்று கேட்டார்.

அவர் கவலை வேறு. தம் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த செடிகளில் யாரோ கொழுந்து கிள்ளுவதைக் கண்டுபிடித்திருந்தார். எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து திருடியவரை அன்றே வெளியேற்றிவிடுவார்கள். அந்த விதியைத் துரையிடம் போராடி வாங்கியவரே இவர். உடனே புகார் கொடுத்து, ஒரு காவல்காரனையும் போட வைத்தார்.

காவல்காரன் கெட்டிக்காரன். தாசில்தார் எங்கள் எஸ்டேட் ஆபீஸ் வராந்தாவில் வந்து உட்கார்ந்த அதே காலையில், டீமேக்கர் வீட்டுக் கொல்லையில் புதைத்திருந்த பானை ஒன்றைத் தோண்டி எடுத்து வந்து எல்லார் முன்னாலும் வைத்தான். உள்ளே அவித்து அமுக்கிய கொழுந்து. பர்மாவில் தேயிலையை இப்படிப் புளிக்க வைத்து, பூண்டும் எள்ளும் எண்ணெயும் சேர்த்துத் தின்பார்கள் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. டீமேக்கர் ஃபாக்டரியே கதி என்று கிடந்ததால் அவருக்கும் தெரியவில்லை.

துரை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். டீமேக்கர் பானைக்குள் கைவிட்டு ஒரு துளிரைப் பிரித்து முகர்ந்தார்.

"ரெண்டு இலை, ஒரு மொட்டு. ஒண்ணுகூடப் பிசகல. நம்ம ஆளுக ஒருத்திக்கும் இப்படிக் கிள்ள வராது."

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. ஏன் எடுத்தாய் என்று, விசாரணைக்கு வந்து நின்ற கின்னம்மாவைக் கேட்டார்.

"நீங்க நாள் முச்சூடும் டீத்தண்ணிய ருசி பாத்து ருசி பாத்துத் துப்புறீங்க. நான் திங்கிறேன். இலைக்கு மரியாதை குடுக்கறது யாரு?" என்றாள்.

புகார் கொடுத்தவர் யார் என்று தாசில்தார் கேட்டார். டீமேக்கரைக் காட்டினேன். ஜாமீன் நிற்பவர் யார் என்று கேட்டார். அதே ஆளைக் காட்டினேன்.

"இதெந்து கூத்து? ரெண்டும் நீர்தானா?" என்று தாசில்தார் தம் மலையாளத் தமிழில் கேட்டார்.

"ஆமாங்கய்யா. புகாரத் திரும்ப வாங்க மாட்டேன். களவு களவுதான். தண்டனைய எனக்குப் போடுங்க, வேலையக்கூட எடுத்துக்கிடுங்க. ஆனா ஜாமீனும் நான்தான்." கின்னம்மாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். "அவள அனுப்புறதா இருந்தா கப்பலுக்கு ரெண்டு டிக்கெட்டாப் போடச் சொல்லுங்க."

தாசில்தார் பானையையும் தம்பதியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புருஷன் பெண்டாட்டிமேல சொல்ற புகாரெல்லாம் நான் எடுத்தா, இந்தத் தாலுக்காவில ஒரு பெண்ணும் பாக்கி இருக்க மாட்டா. இது வீட்டுக் காரியம்" என்று சொல்லிவிட்டு, அனுமதியில் கையெழுத்துப் போட்டார்.

டீமேக்கர் இல்லாத ஃபாக்டரியைத் துரை ஒரு கணம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் உள்ள செடிகள் இனி எஸ்டேட் கணக்கில் சேராது என்று அவசர அவசரமாக அறிவித்தார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. டீமேக்கர் வராந்தாப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கின்னம்மா பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர் எழுந்திருக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

அதன் பிறகு ஒருநாள் அவர் வீட்டுப் பின்புறம் பேசிக்கொண்டிருந்தபோது, ஏதோ நினைப்பில் ஒரு துளிரைக் கிள்ளப் போனேன்.

"கைய எடும்வே. அது அவளுக்கு."

எடுத்துக்கொண்டேன். அவரிடம் நான் வாங்கிய ஏச்சுகள் ஏராளம். இன்றைக்கும் ஒருமுறை கேட்க மாட்டோமா என்று ஏங்குவது அந்த ஒன்றுக்காகத்தான்.